ஹார்டனிங் ஆஃப்: 'கடினப்படுத்துதல்' வேண்டாம், 'வெளிப்பழக்கல்' சரிவருமா?

வணக்கம். வீட்டுக்குள் வளர்த்த செடியை வெளியே வைக்கும் முன், வெளி வெயிலுக்கும் காற்றுக்கும் குளிருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதைத்தான் ஆங்கிலத்தில் 'ஹார்டனிங் ஆஃப்' (hardening off) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> வேளாண் பாடங்களில் 'கடினப்படுத்துதல்' என்று ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக ஒரு சொல் எதற்கு?

ஐயா கேட்பது நியாயம். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல்லுக்கு அலைவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கைநிறைய வேலை இருக்கிறது. எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் அமுக்குவது கடினப்படுத்துதல். மானாவாரி விதையை நீரிலோ பொட்டாசியம் குளோரைடு கரைசலிலோ ஊறவைத்து மறுபடி உலர்த்துவது விதை கடினப்படுத்துதல். நாற்றையும் அதில் ஏற்றிவிட்டால், விதைப்பு முதல் நடவு வரை எழுதும் ஒரே கட்டுரையில் வாசிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்று. இலையின் மெழுகுப்பூச்சு தடிப்பதும் தண்டு திரள்வதும் செடி தானாகச் செய்துகொள்வது. நாம் செய்வது வேறு. முதல் நாள் காற்று படாத நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, அப்புறம் காலை வெயில், கடைசியில் ராத்திரியும் வெளியே. இப்படி 7 முதல் 14 நாள். கூடவே தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்போம். வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சும் நம்மூர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' போலத்தான், காய்ச்சல் ஒரு பிடி கூட. வண்டிமாட்டை நுகத்துக்குப் பழக்குகிறோம், கடினப்படுத்துகிறோமா?

> அப்படியானால் 'குளிர்ப்பழக்கம்'? குறுகிய பருவமுள்ள குளிர்ப் பகுதிகளில்தானே இது பெரிய தலைவலி.

அக்கா, முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்துச் சூடுபட்டேன். ஜன்னலோரம் செழித்து நின்ற தக்காளி நாற்றுகளை, "இன்றைக்குக் குளிரே இல்லையே" என்று நல்ல வெயில் நாளில் நேராக வெளியே கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலையில் மேலிலைகள் வெளிறி, தொட்டால் காகிதம்போல் சரசரத்தன. கண்ணாடி புற ஊதாக் கதிரில் UV-B என்ற வகையைப் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது, அதற்குள் வளர்ந்த இலை முழு வெயிலைக் கண்டதே இல்லை. காற்றும் அப்படித்தான். அசையாமல் நின்று வளர்ந்த தண்டு முதல் காற்றிலேயே மடங்கிப் படுத்துவிடும். குளிர் என்று பெயர் வைத்தால் வெயிலையும் காற்றையும் ஆளுக்கு மறந்துபோகும்.

அதோடு, அந்தப் பெயர் பொய்யான நம்பிக்கையும் தரும். தக்காளியை எத்தனை நாள் பழக்கினாலும் உறைபனி தாங்காது, 10 டிகிரிக்குக் கீழே போனாலே முடங்கும். முட்டைக்கோஸ் தாங்கும், ஆனால் நாற்றைப் பென்சில் கனத்துக்கு வளரவிட்டு அந்தக் குளிரில் வாரக்கணக்கில் வைத்தால் தலை கட்டாமல் பூத்தண்டு விட்டுவிடும். குளிர் தாங்கும் திறன் செடியின் உடம்பில் கூடுவது தனிச் சங்கதி. 'குளிர்ப்பழக்கம்' என்பதை அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

நான் முன்வைப்பது 'வெளிப்பழக்கல்'. வினையாகவும் வளையும்: "நாற்றுகளை வெளிப்பழக்கி நட்டேன்", "வெளிப்பழக்காத மிளகாய்". தனிமடலில் ஒருவர் 'நாற்றுப்பழக்கல்' என்றார். காதுக்கு அதுதான் இனிமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு அது போதாது. மிளகாய் பல்லாண்டுச் செடி. இலையுதிர் காலத்தில் தொட்டியோடு உள்ளே தூக்கிவந்து காப்பாற்றினால், அடுத்த வசந்தத்தில் அதையும் முதலிலிருந்து பழக்க வேண்டும். இரண்டு வயசுச் செடியை நாற்று என்பதா?

தொட்டிக்காரருக்கு இன்னொரு சௌகரியம்: தரையில் நட்டுவிட்டால் கதை முடிந்தது, தொட்டியை ராத்திரி உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். 20 லிட்டர் தொட்டி என்றால் இடுப்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், அது வேறு. ராத்திரி எடுத்து வைப்பதும் முக்கியம்தான். தொட்டி மண் வசந்த வெயிலில் தரையைவிடச் சீக்கிரம் சூடேறும், நாலு பக்கமும் காற்றில் நிற்பதால் அதே வேகத்தில் ஆறியும் போகும்.

'வெளிப்பழக்கம்' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். பிள்ளைக்கு வெளிப்பழக்கம் அதிகம் என்று பெரியவர்கள் குறைப்படுவது போல் இருக்கிறது.

அடுத்து, கோல்டு ஃப்ரேம். நாலு பக்கம் பலகை அடைத்து மேலே கண்ணாடி மூடி போட்ட பெட்டி, வெளிப்பழக்க அதுதான் பாதிவழிச் சத்திரம். 'குளிர்ச்சட்டகம்' என்று அப்படியே பெயர்த்தால் குளிர்பதனப் பெட்டி நினைவு வரும். உண்மையில் எருவைப் புளிக்கவிட்டுச் சூடேற்றும் பாத்திக்கு எதிராக, சூடேற்றாதது என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். நான் 'மூடுபெட்டி' என்று எழுதி வருகிறேன். ஆனால் வெயில் ஏறியதும் உள்ளே நாற்று வெந்துவிடாமல் மூடியைத் திறக்கத்தான் தினமும் ஓடுகிறேன், அதனால் அதுவும் சரியாக ஒட்டவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?