ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கும் மழைநீர்: எம்.எல்.ஏ., எம்.பி., ஊராட்சி – யாரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: மேட்டுத்தெரு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. அங்கே இருந்த ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை அமைத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்தாலே அதில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றுவிடுகிறது. சென்ற கார்த்திகையில் ஒரு நாள் காலை, பால் கேனுடன் வந்த ஒருவர் வண்டியை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஏறிக் கடந்தார். அவருக்குப் பின்னால் சீருடை அணிந்த நான்கு பிள்ளைகளும் ஏறினார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்துதான் நான் மனுக்களோடு அலைகிறேன்.

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். "இது ரயில்வே விஷயம், எம்.பி.யைப் பாருங்கள்" என்றார்கள். ரயில்வே அலுவலகத்தில் கேட்டால், மோட்டார் வைத்து நீரை இறைக்கிறோம், வெளியேற்றிய நீர் போக வழி செய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பு என்கிறார்கள். எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலமோ 2025 சனவரியில் முடிந்துவிட்டதால், இப்போது தனி அலுவலர்தான் இருக்கிறார். நான் முதலில் யாருக்கு எழுத வேண்டும்? எல்லோருக்கும் ஒரே மனுவை அனுப்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1: ஒன்றிய அலுவலக ஓய்வூதியர்

ஐயா, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராகவும் பிறகு கண்காணிப்பாளராகவும் வேலை பார்த்தவன் நான். உங்களைப் போல் உண்மையான குறையோடு வந்தவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்பியதற்குக் காரணம், ஒரே தாளில் மூன்று அரசுகளின் வேலையைக் கேட்டதுதான். அப்படிப்பட்ட தாளை எந்த மேசையும் "எமக்குத் தொடர்பில்லை" என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிட முடியும். எனவே எழுதுவதற்கு முன் குறையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுரங்கப்பாதையின் கட்டுமானமும் அதில் உள்ள மோட்டாரும் ரயில்வேயைச் சேர்ந்தவை. அரசமைப்புச் சட்டத்தின்படி ரயில்வே ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது, ஆகவே அதற்கு உரிய மக்கள் பிரதிநிதி நாடாளுமன்ற உறுப்பினர். சுரங்கப்பாதைக்கு இரு பக்கமும் வந்து சேரும் சாலை ஊராட்சிச் சாலையாக இருக்கலாம், ஒன்றியச் சாலையாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதர சாலையாகவும் இருக்கலாம். இதை ஊகிக்க வேண்டாம், ஒன்றிய அலுவலகத்தில் உள்ள சாலைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பதோடு, வேறு அலுவலகத்துக்குரிய கேள்வியாக இருந்தால் அவர்களே 5 நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்பவும் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். மோட்டார் இறைக்கும் தண்ணீர் எங்கே போய் விழுகிறது? பக்கத்தில் ஒரு வாய்க்கால் இருந்து அது தூர்ந்து போயிருந்தால், எத்தனை மோட்டார் வைத்தாலும் நீர் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கும். அந்த வாய்க்கால் எந்தக் கண்மாயில் சேர்கிறது என்று பாருங்கள். 100 ஏக்கருக்கும் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள கண்மாய் என்றால் அது பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறையின் பொறுப்பு. இவை இரண்டும் மாநில அரசின் கீழ் வருபவை என்பதால், சட்டமன்ற உறுப்பினர் தட்டிக்கழிக்க முடியாத இடம் இதுதான். அவரிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்காதீர்கள், வாய்க்காலைத் தூர்வாருவது பற்றிக் கேளுங்கள்.

பதில் 2: தென்னந்தோப்பு

மேலே ஐயா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் ஊரிலும் இதே சிக்கல் இருந்தது, நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத்தான் ஒரு பகுதி தீர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊர் எந்த ரயில்வே கோட்டத்தில் வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் ஆகிய கோட்டங்கள் இருக்கின்றன, கன்னியாகுமரி மாவட்டப் பாதைகளோ திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தவை. மனுவில் "எங்கள் ஊர் சுரங்கப்பாதை" என்று எழுதினால் அங்கே ஒருவருக்கும் புரியாது. சுரங்கப்பாதையின் சுவரில் பால எண் எழுதியிருப்பார்கள், தண்டவாளத்தின் ஓரம் கிலோமீட்டர் கல் இருக்கும். எந்த இரு ரயில் நிலையங்களுக்கு இடையில், எந்தக் கிலோமீட்டரில், எந்த எண்ணுள்ள பாலம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். நாங்கள் அப்படி எழுதிய மனுவுக்குத்தான் முதன்முதலாகக் கோப்பு எண்ணோடு பதில் வந்தது.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் "ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்பதைவிட, அவரால் செய்யக்கூடியதைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. கோட்ட ரயில்வே மேலாளருக்கு அவர் தம் கடிதத்தாளில் ஒரு கடிதம் எழுதலாம். தெற்கு ரயில்வேயின் பொதுமேலாளர் கோட்டவாரியாக எம்.பி.க்களோடு நடத்தும் கூட்டத்தில் எழுப்பலாம். அவர் தலைமை ஏற்கும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவில் ஆட்சியர் முன்னிலையிலேயே கேட்கலாம். உறுப்பினர்கள் தொகுதிப் பிரச்சினைகளை எழுப்பப் பயன்படுத்தும் 377-ஆம் விதியின் கீழ் மக்களவையில் குறிப்பிடலாம், ரயில்வே அமைச்சகத்திடம் கேள்வியாகவும் கேட்கலாம்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றியும் ஒரு சொல். எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அவர் பணியைப் பரிந்துரைக்கத்தான் முடியும், ஒப்புதல் கொடுத்து நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். அதனால் பரிந்துரைக் கடிதம் வாங்கியதும் வீட்டில் உட்கார்ந்துவிடாமல், நகலை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் அதன் நிலையைக் கேளுங்கள். மாநிலங்களவை உறுப்பினர்களையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 18 பேரும் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பணி பரிந்துரைக்கலாம்.

பதில் 3: கிராம சபை

மற்றவர்கள் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. தனி மனிதர் ஒருவரின் மனுவாக இது போனால், எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் எடை குறைவாகவே இருக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடவே செய்கிறது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது அடுத்து வருகிறதோ அன்று தெருவுக்குப் பத்துப் பேராவது போய், சுரங்கப்பாதை பற்றியும் வாய்க்கால் பற்றியும் தனித்தனியாக இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றுங்கள். ஊரின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் வர வேண்டும், 10,000 வரை என்றால் 200 பேர் வர வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்படுவதை நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஏனென்றால் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு எழுதும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். உங்கள் ஊரில் பிள்ளைகள் தண்டவாளத்தில் ஏறுகிறார்கள் என்றால் அது கடித வரிசைக்குக் காத்திருக்கும் காரியம் அல்ல. வரும் திங்கட்கிழமையே ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். தண்ணீர் நிற்கும் நாட்களில் இரு பக்கமும் தடுப்பு வைக்க வேண்டும், பள்ளி நேரத்தில் ஆள் நிறுத்த வேண்டும் என்ற இரண்டை மட்டும் அதில் கேளுங்கள்.

மேட்டுத்தெரு (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாலை நேரில் போய்ப் பார்த்தேன். மோட்டார்க் குழாய் விழும் இடத்திலிருந்து முப்பது அடி வரைதான் வாய்க்கால் தெரிகிறது, அதற்குப் பிறகு கருவேலம் மண்டி, ஒரு இடத்தில் வீடு இடித்த கட்டடக் கழிவையும் கொட்டியிருக்கிறார்கள். இத்தனை நாளும் தினமும் அதைக் கடந்து போயிருக்கிறேன், ஆனால் தண்ணீர் திரும்பி வருவதற்கு இதுதான் காரணம் என்று தோன்றவே இல்லை. பால எண்ணையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் படமும் எடுத்திருக்கிறேன்.

ஒரே மனுவாக வைத்திருந்ததை மூன்றாகப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியது திங்கட்கிழமை ஆட்சியரிடம் போகிறது, வாய்க்கால் பற்றியது சட்டமன்ற உறுப்பினரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் போகிறது, பாலம் பற்றியது நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகிறது. ஓய்வூதியர் ஐயாவிடம் ஒரே ஒரு ஐயம்: அந்த வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறதா, பட்டா நிலத்தில் ஓடுகிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா, அல்லது வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டுமா?

ஒன்றிய அலுவலக ஓய்வூதியர்

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமே அ-பதிவேட்டை (ஊரின் நிலங்களின் வகை குறித்த பதிவேடு) காட்டச் சொல்லிப் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. வாய்க்கால் என்றே வகைப்படுத்தியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை மனுவோடு இணையுங்கள். கட்டடக் கழிவு கொட்டியிருப்பதை ஆக்கிரமிப்பு என்று தனியாக ஒரு பத்தியில் எழுதி, படத்தையும் சேர்த்து வட்டாட்சியருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.