பிகோனியா இலையில் வேர் வந்தும் தளிர் வரவில்லையே, ஏன்?

கேள்வி (கோயம்புத்தூர்):
என்னிடம் இரண்டு வகைப் பிகோனியாக்கள் உள்ளன. ஒன்று மூங்கிலைப்போல் கணுவிட்டு உயர்வது, இலைகளில் வெள்ளிப் புள்ளிகள் கொண்டது. மற்றொன்று அகன்ற இலைகளோடு தாழ்ந்து படரும் ரெக்ஸ். இரண்டிலும் காம்போடு இலை எடுத்துத் தேங்காய் நார்க்கழிவில் நட்டேன். புள்ளி இலை வேர்விட்டு மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ரெக்ஸ் இலை மூடிய டப்பாவுக்குள் அழுகுகிறது. இலையிலிருந்து செடி வரும் என்பது எல்லா வகைக்கும் பொருந்துமா?

பதில் (ஊட்டி):
பொருந்தாது. கணுவிட்டு வளரும் வகையின் இலை எளிதில் வேர்விடும், ஆனால் குருத்து விடுவது மிக அரிது. அதற்கு இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டைத்தான் நட வேண்டும். இனியும் அந்த இலைக்காகக் காத்திருப்பதில் பயன் இருக்காது.

ரெக்ஸ் வேறு. முற்றிய, ஆனால் பழுக்காத இலையின் காம்பை நீக்கி, அடிப்பக்கத்தில் தடித்த நரம்புகளைப் பிளேடால் ஆங்காங்கே குறுக்கே வெட்டி, அந்தப் பக்கம் கலவையில் நன்றாகப் படியும்படி கிடத்தி, சிறு கூழாங்கற்களை மேலே வையுங்கள். வெட்டுப்பட்ட நரம்பின் அருகில்தான் வேரும் குருத்தும் தோன்றும் என்பதால், அந்த இடம் கலவையை விட்டுத் தூக்கி நின்றால் ஒன்றும் நடக்காது. இலையை நரம்போடு கூடிய முக்கோணத் துண்டுகளாக்கி, கூர்முனை கீழிருக்க நடுவதும் உண்டு. இடம் குறைவாக இருந்தால் எனக்கு அதுவே பிடிக்கும்.

பதில் (பெங்களூரு):
அழுகலுக்கு ஈரமும் காற்றோட்டமின்மையுமே காரணமாக இருக்கும். நார்க்கழிவை உப்புப் போகக் கழுவி, சம அளவு பெர்லைட் (கலவையில் காற்றோட்டம் தரும், எடை குறைந்த வெள்ளைத் துகள்கள்) சேர்த்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் தினமும் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். 20 முதல் 24 டிகிரி வெப்பம் உகந்தது. உங்கள் ஊரில் சித்திரை, வைகாசியைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குட்டிச் செடிகளை எப்போது பிரிக்கலாம்? இலையின் நிறம் மாறிவிடுமா?

பதில் (ஊட்டி):
ஒவ்வொன்றும் இரண்டு மூன்று இலை விட்ட பிறகு பிரியுங்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆகலாம். அதுவரை தாய் இலை வாடினாலும் பிடுங்க வேண்டாம். கலப்பின ரெக்ஸின் விதையில்தான் நிறம் மாறும், இலையிலிருந்து வருவது பொதுவாகத் தாய்ச்செடியைப் போலவே இருக்கும்.