பின்வளவில ஸ்பிரிங் எயார் ரைபிள்: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

தெஹிவளையில இருந்து:

எங்கட அம்மாவுக்கு "துவக்கு" எண்ட சொல்லே வீட்டுக்குள்ள வரக்கூடாது. தொண்ணூறுகளில வெள்ளவத்தையில லொட்ஜ் அறையில இருந்தபோது, இரவில சோதனைக்குக் கதவு தட்டுப்படுற சத்தத்துக்கு எழும்பி அடையாள அட்டையைத் தேடிப் பழகினவ. எயார் ரைபிள், அதாவது காத்தின்ர அழுத்தத்தால சுடுற துவக்கு, வாங்கப்போறன் எண்டு சொன்னதும் இரண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. பொலிஸில விசாரிச்சு, வேண்டிய கடதாசியெல்லாம் எடுத்து, அவவுக்கு வாசிச்சுக் காட்டின பிறகுதான் பழைய டயானா 35 ஒண்டு வீட்டுக்கு வந்தது. குழலை மடக்கி ஸ்பிரிங் ஏத்துற வகை, 4.5 மில்லிமீற்றர் குண்டு.

குசினிப் படியில இருந்து பின்மதில் மட்டும் 10 மீற்றர். மதிலுக்கு முன்னால ஒரு மரப்பெட்டி, அதுக்குள்ள இறுக்கி அடைஞ்ச பழைய பேப்பர், அதுக்குப் பின்னால இரும்புத் தகடு. வெறும் மதிலுக்குச் சுடாதேங்கோ, ஈயக்குண்டு திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். காகம், அணில் பக்கம் நான் குழலைத் திருப்பிறதே இல்லை.

முதல் மாசம் மனம் விட்டுப்போச்சு. இறுக்கிப் பிடிச்சால்தான் நேராய்ப் போகும் எண்டு நினைச்சு, தோளில அமத்தி, கை நடுங்க நடுங்கப் பிடிச்சன். 10 குண்டும் 10 இடத்தில.

ஒரு சனிக்கிழமை கேற் தட்டுப்பட்டது. அம்மா உறைஞ்சுபோய் நிண்டா. நான் குழலை மடக்கித் திறந்தபடி மேசையில வைச்சிட்டுப் போனால், பக்கத்து வீட்டுச் சிங்கள அங்கிள். அதுவரைக்கும் சிரிப்போட நிண்ட பழக்கம்தான். மேல்மாடியில இருந்து மூண்டு கிழமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவராம். பள்ளிக்கூடக் காலத்தில ரைபிள் அணியில இருந்தவர். "புத்தா (மகனே), அதைப் பிடிக்காதை, ஏந்து" எண்டார், அரைத் தமிழில.

இடக்கையை விரிச்சு, விசைக்குக் கொஞ்சம் முன்னால, துவக்கு தன்ர பாரத்தில நிக்கிற இடத்தில உள்ளங்கையை வைச்சார். விரல் ஒண்டும் மடங்கேல்லை. தோளில பட்டும் படாமலும் துவக்கின்ர பின்கட்டை. 5 குண்டு. போய்ப் பார்த்தால் 5 ரூபாய்க் குத்தியால மூடலாம்.

காரணத்தையும் அவரே விளங்கப்படுத்தினார். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னுக்குத் தள்ளுது, துவக்கு பின்னுக்கு உதைக்குது. பிஸ்டன் நெருங்கின காத்தில முட்டி நிக்கேக்க துவக்கு முன்னுக்கு இழுபடுது. இந்த ஆட்டம் தொடங்கேக்க குண்டு இன்னும் குழலுக்குள்ளதான். ஒவ்வொரு தரமும் வேற வேற இறுக்கத்தில பிடிச்சால் குழலும் வேற வேற பக்கம் ஆடும். ஏந்தினபடி விட்டால் ஒரே மாதிரித் துள்ளும். அந்த ஒரே மாதிரி தான் வேணும்.

அம்மா தேத்தண்ணியோட வந்து படியில இருந்தா. அண்டைக்கு அவையள் இரண்டுபேரும் கதைச்சது பொழுதுபடும் மட்டும்.

வெள்ளவத்தையில இருந்து:

அண்ணை, நான் ஃபிளட்டில. சுடுறது இரத்மலானையில மாமாவின்ர வளவில, ஆனால் துவக்கு இருக்கிறது என்னோட, கடற்பக்க அறையில. உப்புக்காத்தும் கை வேர்வையும் சேர்ந்து ஒரு கிழமையில குழலில துருப்புள்ளி. பயந்து, தையல் மெஷின் எண்ணெயைக் காத்துத் துவாரத்துக்குள்ளயும் விட்டிட்டன். அடுத்த வெடி பட்டாசு மாதிரி, குழல் வாயால புகை. நெருங்கிச் சூடான காத்தில எண்ணெய் பத்திக்கொள்ளுது, டீசல் எஞ்சின் வேலைசெய்யிற அதே முறை. பிஸ்டன் சீல் பழுதாகி மாத்தவேண்டி வந்தது. தயவுசெய்து உள்ளுக்கு எண்ணெய் விடாதேங்கோ. வெளியில மட்டும், எண்ணெய் தொட்ட துணியால, சுட்டு முடிஞ்ச கையோட துடையுங்கோ.

ஸ்கோப் (துவக்கில பூட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கி) வாங்கிறவைக்கும் ஒண்டு. சாதாரண ரைபிளுக்குச் செய்தது பின்னுக்கு உதைக்கிறதைத்தான் தாங்கும். எங்கட துவக்கு முன்னுக்கும் இழுக்கும். என்ர முதல் ஸ்கோப்புக்குள்ள குறுக்குக்கோடு இரண்டு கிழமையில கழண்டு போச்சு.

கொட்டாஞ்சேனையில இருந்து:

என்ர மகள் பள்ளிக்கூட அணியில 10 மீற்றர் சுடுறவள். 1984இல ஒலிம்பிக்குக்கு வந்த அதே போட்டி வகை. இலக்கட்டையில 10 எண்ட புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர். அவையளின்ர துவக்கில காத்தை முதலே அடைச்சு வைச்சிருக்கும், உதைப்பு இல்லாத மாதிரித்தான். என்ர தம்பியின்ர ஸ்பிரிங் துவக்கைக் குடுத்த அண்டைக்கு முதல் குண்டு அட்டையிலயே படேல்லை, பிள்ளை அழுதிட்டாள். அண்ணை சொன்ன மாதிரி உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்க்கிறன்.

அட்டைக்குத் தட்டைத்தலைக் குண்டு பாவியுங்கோ, ஓட்டை வட்டமாய் வெட்டுப்படும், எண்ண லேசு. குண்டு ஈயம் எண்டதால கை கழுவாமல் பிள்ளையளை ஒண்டும் சாப்பிட விடாதேங்கோ.

தெஹிவளையில இருந்து:

அக்கா, குண்டு போடேக்க ஒரு கையால குழலை விடாமல் பிடிக்கவும் மகளுக்குச் சொல்லுங்கோ. தற்செயலாய் விசை பட்டால் குழல் அடிச்சு மூடும், விரல் போயிடும். தம்பி, குண்டில்லாமல் வெறுமனே சுடாதை, பிஸ்டன் போய் நேரே அடிக்கும். ஸ்பிரிங்கை ஏத்தினபடி வைக்கவும் வேண்டாம்.

இப்ப அட்டையில ஓட்டை எண்ணுறது அம்மாதான். கண்ணாடியைப் போட்டு, ஊசியால ஒவ்வொண்டாய்க் குத்திப் பார்த்து, அங்கிளின்ரயை ஒரு பக்கமும் என்ரயை மற்றப் பக்கமும் கலண்டர் தாளில எழுதி வைக்கிறா.