புதுப்பிப்பு: சாலைப் பணியில் ஜல்லி இருப்பு ஏன் குறைந்தது

ஊரகச் சாலை விரிவாக்கப் பணியில் கிரஷர் (கல் உடைக்கும் ஆலை) ரசீதுகளின்படி வந்த ஜல்லிக்கும், தளத்தில் கையிருப்பும் பயன்பாடும் சேர்ந்த அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். பலர் திருட்டைச் சந்தேகித்தார்கள். காரணம் பெரும்பாலும் கணக்கிலேயே இருந்தது.

கிரஷர் எடைமேடைச் சீட்டில் டன் கணக்கில் அனுப்ப, தளத்தில் 100 கன அடி கொண்ட யூனிட்டாகப் பதிந்தார்கள், முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்திலோ ரோலர் ஓட்டி இறுகிய பிறகான கன மீட்டர் மட்டுமே ஏறியது. இறுகிய 100 கன மீட்டர் துணை அடித்தளத்துக்கு (சாலையின் கீழடுக்கு) உதிரியாகச் சுமார் 128 கன மீட்டர் தேவைப்படும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, மழையில் நனைந்த கிரஷர் தூளுடன் தண்ணீரின் எடைக்கும் சேர்த்தே பணம் போயிருந்தது.

இப்போது ஒவ்வொரு டிப்பருக்கும் எடையோடு ஈரப்பத விகிதமும் பதிவாகிறது. ஜல்லியை ஒரே கூம்பாகக் கொட்டினால் பெரிய கற்கள் அடிவாரத்துக்கு உருண்டு கலவை பிரிந்துவிடும் என்பதால், மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, அளவுவாரியாகத் தடுப்பு வைத்துச் சேமிக்கிறோம். இது கணக்கைவிட முக்கியம் என்பது என் கருத்து, ஏனெனில் பிரிந்த கலவை சாலையில் போய்ச் சேர்ந்த பின் திருத்த வழியில்லை.

தார் எமல்ஷன் (தண்ணீரோடு கலந்த தார்) பீப்பாய்களில் பழையதை முதலில் எடுக்கும் முறையும் தொடங்கியாயிற்று. சிமெண்ட் இருப்பு இன்னும் சரிபார்க்கப்படவில்லை. மூன்று மாதம் தாண்டிய மூட்டைகளைச் சோதனைக்கு அனுப்பிய பிறகே அதை எழுத முடியும்.