குதிரைச் சவாரி சிகிச்சை: உட்காரவே தடுமாறும் குழந்தையை ஏற்றலாமா?

இரட்டைச்சடை:
மகளுக்கு 6 வயது. பெருமூளை வாதம். இரண்டு காலும் இறுக்கம், தூக்கினால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். தரையில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் சரிந்துவிடுவாள். அவளுடைய தெரபிஸ்ட் குதிரை மேல் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்கிறார். என் மாமியாரோ, "கட்டிலிலிருந்தே விழுகிறவளைக் குதிரையில் ஏற்றப்போறியா?" என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

பக்கநடை:
நான் 6 வருடமாகக் குதிரைக்குப் பக்கத்தில் நடக்கிற தன்னார்வலன். சவாரி தெரியாது. ஒரே ஒரு முறை ஏறி, பயந்து இறங்கிவிட்டேன். அதனால் உங்கள் மாமியார் கட்சிதான் நானும்!

ஆனால் அங்கே யாரும் குழந்தையை ஏற்றிவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. சரிகிற குழந்தை என்றால் மூன்று பேர் கூடவே நடப்போம். ஒருவர் குதிரையின் தலைப்பக்கம் கயிற்றோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். என் முன்கை குழந்தையின் தொடை மேல் குறுக்கே இருக்கும், விரல்கள் சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்திருக்கும். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். குதிரையை நிறுத்தி இடம் மாறுவோம், ஒரு பக்கம் மாறி முடியும்வரை மறுபக்கத்துக்காரர் பிடியை விடக்கூடாது. குதிரை மிரண்டால் குழந்தையை எப்படி இறக்குவது என்பதைப் பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறோம். நீங்கள் போகும் இடத்தில் முதலில் இதைக் கேளுங்கள். குதிரையைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.

உங்கள் மகள் மாதிரியே கால் பின்னிக்கொள்ளும் பையன் ஒருவன் வந்தான். முதல் நாள் தொடை விரியவே இல்லை. அகலம் குறைந்த முதுகுள்ள குதிரையாகப் பார்த்து, சேணம் இல்லாமல் தடித்த விரிப்பு மட்டும் போட்டு உட்கார வைத்தார்கள். குதிரையின் உடம்பு நம்மைவிடச் சூடு, அந்தச் சூடு விரிப்பைத் தாண்டி வரும். மூன்றாவது சுற்றோ நான்காவதோ, கட்டை மாதிரி இருந்த தொடை என் முன்கைக்குக் கீழே மெல்லத் தளர்ந்தது. அவன் அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் என் கைக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரம் வந்தபோது பழையபடி இறுகித்தான் இருந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிசியோ_மேசை:
இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பயிற்றுநர் சவாரி கற்றுக்கொடுப்பது ஒன்று. பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் குதிரையின் நடையையே சிகிச்சைக்குப் பயன்படுத்துவது ஹிப்போதெரபி. உங்கள் மகளுக்கு இரண்டாவதுதான்.

குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்பின்னாக, பக்கவாட்டில், கொஞ்சம் திருகியும் அசையும். நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். குதிரை நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி வைக்கிறது என்றால், 20 நிமிடத்தில் 2,000 தடவை உடம்பு சரிந்து நிமிரப் பழகுகிறது. மேசை மேல் வைத்து நான் இதைச் செய்யவே முடியாது.

போவதற்கு முன் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இறுக்கம் உள்ள குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகியிருக்கலாம், வெளியே தெரியாது. கட்டுப்படாத வலிப்பு இருந்தால் ஏற்ற வேண்டாம். (இதைப் படிக்கும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பெற்றோர், கழுத்து எலும்பைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.) நடக்க வைத்துவிடுவோம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காதுபார்த்தவள்:
எனக்கும் பெருமூளை வாதம்தான், சின்ன வயதில் ஏறியிருக்கிறேன். "தலையை நிமிர்த்து" என்று வீட்டில் தினமும் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்தேன். குதிரை மேல் யாரும் அதைச் சொல்லவில்லை. அதன் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க நானே நிமிர்ந்தேன்.

மாமியாரிடம் லிஸ் ஹார்டெல் கதையைச் சொல்லுங்கள். டென்மார்க்காரர். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், குதிரையில் ஏற இறங்க ஆள் வேண்டும். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்.

இரட்டைச்சடை:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்ரே எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, முதலில் அதை முடிக்கிறேன். அதற்குள் வீட்டில் ஏதாவது பழக்க வேண்டுமா?

பக்கநடை:
ஹெல்மெட். தினமும் ஐந்து நிமிடம் போட்டு, தாடைப்பட்டையை மாட்டிவிடுங்கள். முதல் நாள் அழுகிற குழந்தைகளில் பாதிப்பேர் குதிரையைப் பார்த்து அழுவதில்லை, அந்தப் பட்டைக்குத்தான் அழுகிறார்கள்.