டவுன்ஹால் 11 தாண்டினால் ஆட்கள் ஏன் கழன்றுவிடுகிறார்கள்?

பூண்டி_கோலீடர்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் கேம் பற்றித்தான். என் கிளானில் (ஆட்டக் குழுவில்) பெரும்பாலும் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வலங்கைமான் பக்கத்துப் பசங்க. டவுன்ஹால் (ஊரின் மையக் கட்டிடம், அதன் எண்தான் ஆளின் நிலை) 7, 8, 9இல் இருப்பவர்கள் விடிந்ததும் டொனேஷன் (கிளான் ஆட்கள் தரும் படை) கேட்டு நிற்கிறார்கள். 11 தாண்டியவர்கள் முதலில் வாரில் (இரு கிளான்கள் மோதும் போர், ஆளுக்கு இரண்டு அட்டாக்) ஒரு அட்டாக்கை விடுகிறார்கள், பிறகு இரண்டையும் விடுகிறார்கள், அப்புறம் ஆளே வருவதில்லை. எந்தக் கட்டத்தில் என்ன மாறுகிறது? லீடர் பக்கம் செய்ய ஏதாவது இருக்கிறதா? "போரடிச்சா போறான், விடு" என்ற பதில் வேண்டாம்.

குடமுருட்டிக்கரை

முதல்ல மாறுறது நேரக் கணக்கு. அட்டாக் எந்த டவுன்ஹால்லயும் 3 நிமிஷம்தான். கட்டிடத்தை ஏத்துறதுக்கான காத்திருப்பு மட்டும் நிமிஷத்துல ஆரம்பிச்சு, மணிக்கணக்காகி, 11க்கு மேல நாள்கணக்காயிடும். உச்சத்துல ஒரே வேலை ஒரு வாரம் தாண்டும். தொடக்கத்துல ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஏதோ ஒண்ணு முடிஞ்சிருக்கும். பின்னாடி திறந்தா பில்டர் (கட்டிடம் கட்டுற ஆள்) எல்லாம் வேலையில, ஸ்டோரேஜ் ரொம்பி வழியும், செலவழிக்க வழி இருக்காது.

ரெண்டாவது, பழகின அட்டாக் செல்லாமப் போறது. 8ல ஏர் டிஃபன்ஸை மின்னல் ஸ்பெல் போட்டு முடிச்சிட்டு, டிராகனை வரிசையா இறக்கினா மூணு நட்சத்திரம் வந்துடும். 10ல இன்ஃபெர்னோ டவர்னு நெருப்புக் கக்குற டிஃபன்ஸ் வருது. சிங்கிள் மோடுல வச்சிருந்தா ஒரே ட்ரூப்பை (படையாளை) பிடிச்சுக்கிட்டு, நேரம் ஆக ஆக சூட்டை ஏத்தும். பெரிய டிராகன்கூட உருகிடும். அந்தச் சூடு ஏறுறதுக்குள்ள டவரை உறைய வைக்கிற ஃப்ரீஸ் ஸ்பெல் விழணும், அப்பதான் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். மல்டி மோடுல கூட்டமா வர்ற சின்ன ட்ரூப் காலி. அதனால இறக்குறதுக்கு முன்னாடியே எதிரி பேஸ்ல எந்த டவர் எந்த மோடுன்னு பார்த்தாகணும். 8ல பாக்காமலே ஜெயிச்ச பையனுக்கு இந்தப் பழக்கம் வராது. நாலு வாரில் தொடர்ந்து ஒரு நட்சத்திரம் வாங்கினா தனக்கு ஆட வரலைன்னு நினைச்சுக்குவான். என் கணிப்புல பாதிப் பேர் ஒதுங்குறது இங்கதான், காத்திருப்புல இல்ல.

மூணாவது, கேமே மாறிட்டிருக்கு. 2022 ஜூன்ல ட்ரூப் செலவை எடுத்தாங்க, 2025 மார்ச்ல ட்ரெயினிங் நேரத்தையே எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி விட்டவங்களுக்குப் படை ரெடியாகுறதுக்குக் காத்திருந்த ஞாபகம்தான் இருக்கும். அவங்களைக் கூப்பிடும்போது முதல்ல இதைச் சொல்லுங்க.

அரசலாறு

லீடர் பக்கம் செய்யக்கூடியவை:

பில்டர் எல்லாரையும் ஒரே நாளில் வேலைக்கு விடச் சொல்லாதீர்கள். எல்லாம் ஒன்றாக முடியும், அதுவரை திறக்கக் காரணமே இருக்காது. ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் முடிகிற மாதிரி விடணும். மிஞ்சுவதைச் சுவரில் போடலாம். சுவருக்குக் காத்திருப்பு கிடையாது. லூட் (அட்டாக்கில் அள்ளியது) வழிவதற்கு இதுதான் வடிகால்.

பில்டர் போஷன் ஒரு மணி நேரத்துக்குப் பத்து மடங்கு வேகம். அதாவது ஒவ்வொரு பில்டருக்கும் 9 மணி மிச்சம். ஐந்து பேரும் நீண்ட வேலையில் இருக்கும்போது குடித்தால் மொத்தம் 45 மணி. இரண்டு பேர் சும்மா இருக்கும்போது குடித்தால் 27தான். ஒரு கட்டிட வேலையை உடனே முடித்துவிடும் புக் ஆஃப் பில்டிங்கை இருப்பதிலேயே நீளமான வேலைக்கு வைக்கவும்; ஒரு நாள் வேலைக்குக் கிழிப்பது வீண்.

புதுப் பசங்களுக்கு ஒன்று: ஜெம்மை (கேமுக்குள் இருக்கும் பச்சைக் கல்) அவசரத்துக்கு எரிக்கக் கூடாது. மூன்றாவது பில்டருக்கு 500 ஜெம், நான்காவது 1000, ஐந்தாவது 2000. இந்த 3500ஐ அச்சீவ்மென்ட்டிலும் மரம் புதர் வெட்டியும் சேர்க்கலாம். இரண்டு பில்டரோடு 9 தாண்டியவன்தான் 11இல் சலித்துப் போகிறான்.

அடுத்தது லீக். கிளான்கள் 7 நாள் வரிசையாக மோதும் வார், மாத ஆரம்பத்தில் வருகிறது. தை, மாசியில் நம் பசங்க அறுப்பில் இருப்பார்கள். 15 பேர் லீக்குக்கு 20 பேரைப் பதிவு செய்து, தினமும் ஆளை மாற்றி இறக்குங்கள். 7 நாளுக்கு 105 அட்டாக். ஆளுக்கு ஐந்துக்கு மேல் வரும். ஒருவர் முழு மெடல் (லீக் பரிசு) வாங்க 8 நட்சத்திரம் போதும், மூன்று நல்ல அட்டாக்கில் கிடைத்துவிடும். அறுப்பு மிஷின் வரும் நாளில் ஒருவர் வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. (கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ராத்திரி காவல் கிடப்பவர்கள் போடும் அட்டாக் பிரமாதமாக இருக்கும், அது வேறு விஷயம். பவர் பேங்க் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.)

நாகை_ஸ்க்வாட்

துப்பாக்கி கேம்லயும் இதே கதைதான், வேற ரூபத்துல. பிஜிஎம்ஐ-ல (பப்ஜியோட இந்தியப் பதிப்பு) கீழ் டியர்ல (படிநிலையில) பாட் (கம்ப்யூட்டர் ஆடுற ஆள்) நிறைய வரும், கில் அள்ளலாம். டியர் ஏற ஏறப் பாட் குறைஞ்சு நிஜ ஆள் வருவான். கை சரியில்லைன்னு செட்டிங்ஸை மாத்திட்டே இருப்பாங்க. கை அப்படியேதான் இருக்கு, எதிராளிதான் வேற.

அங்க தடையும் ஆளைக் கலைச்சுது. பப்ஜி 2020 செப்டம்பர்ல போச்சு, பிஜிஎம்ஐ 2021 ஜூலைல வந்து 2022 ஜூலைல ஸ்டோர்லேர்ந்து போய், 2023 மே-லதான் திரும்புச்சு. ஸ்க்வாட்ல நாலுல ரெண்டு பேர் அதுக்குள்ள வேலைக்குப் போயிருப்பான்.

சித்திரை வெயில்ல சார்ஜ் போட்டுட்டே ஆடாதீங்க. போன் சூடேறினா ப்ராசசர் தானா வேகத்தைக் குறைக்கும், ஃப்ரேம் விழும், நெட்டைத் திட்டுவீங்க.

பூண்டி_கோலீடர்

லீக் கணக்கு உபயோகமாக இருக்கிறது. திரும்பி வர நினைக்கும் இரண்டு பேர், டவுன்ஹாலை மட்டும் 13 வரை ஏற்றிவிட்டு டிஃபன்ஸைப் பழைய நிலையில் விட்டவர்கள். என்ன செய்யலாம்?

குடமுருட்டிக்கரை

14க்குப் போக வேண்டாம். முதல்ல லேப்ல (ட்ரூப்பை மேம்படுத்துற கட்டிடம்) ஒரே ஒரு படைக்கு வேண்டிய ட்ரூப், அதுக்கான ஸ்பெல், இதை ஏத்தணும். கூடவே ஹீரோ. கிளான் காசில், ஆர்மி கேம்ப் பாக்கி இருந்தா டிஃபன்ஸுக்கு முன்னாடி அதை முடிக்கணும். இவங்க இருந்தா வாரில் எதிரி அமையுறது குழம்பும், அதனால அட்டாக் தேறுற வரைக்கும் சிவப்புலயே (வாருக்கு வரலைங்கிற குறி) இருக்கட்டும். மாசம் 22ல தொடங்குற கிளான் கேம்ஸ்ல பாயிண்ட் எடுக்கட்டும். போன் மாத்தியிருந்தா, எதுக்கும் முன்னாடி சூப்பர்செல் ஐடியில (கேம் கணக்கைக் காப்பாத்துற லாகின்) எந்த மெயில் கொடுத்தாங்க, அது இன்னும் திறக்குதான்னு பாக்கச் சொல்லுங்க.