ஃபோட்டோவில் பெண் முகம் வெயிலில் வெளுத்துப்போகிறது, வழி சொல்லுங்க அண்ணாச்சிகளே

போன வாரம் திருநெல்வேலி குறுக்குத்துறை படித்துறையில் ஒரு கல்யாண ஜோடியை ஃபோட்டோ எடுத்தேன். காலை பத்தரைக்கே வெயில் கொளுத்தியது. பொண்ணு நல்ல சிவப்பு, மாப்பிள்ளை என்னை மாதிரி கருப்பு, பின்னால் கல் மண்டபம். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 4, ஷட்டர் 1/800 நொடி வைத்தேன். பொண்ணு நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிட்டன. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு எஃப் 16, 1/100 என்ற பழைய வெயில் கணக்குப்படி (எஃப் 4-க்கு அது 1/1600) ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பிறகு திருத்த வசதியான ரா ஃபைலும் எடுக்கவில்லை, என் புத்தி!

சரி, ஒரு ஸ்டாப் குறைத்தால் மாப்பிள்ளை இருண்டுபோவாரே? ஒரு சின்ன இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை பொண்ணு கன்னத்தில் வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பிடிக்கலாமா? இல்லை, இரண்டு பேரையும் மண்டப நிழலுக்குள் நிறுத்துவதுதான் நல்லதா? அடுத்து பாபநாசத்தில் எடுக்க வேண்டும். சாயங்காலம் வாங்க என்றால் கேட்கமாட்டார்கள், நல்ல நேரம் காலையில்தானாம்.